காரைத் தாழ்த்துமுன்



குளுவாங்கிலிருந்து கஹாங், ஜெமாலுவாங் வழியாக மெர்சிங் செல்லும் சாலை நம்மில் பலருக்கும் பழக்கமானது. இருபுறமும் செம்பனை, நடுவே வளைவுகள். அங்கே முன்பக்கம் தரையைத் தொடுமளவு தாழ்த்திய கார்களையும் பார்க்கிறோம். உழைத்துச் சேர்த்த பணத்தில் புரோட்டோன் சாத்ரியா வாங்கும் நம் பிள்ளைகளுக்கும் அந்த ஆசை வரும். தாழ்த்துவது தவறா? அளவறிந்து செய்தால் தவறில்லை. அந்த அளவு எது என்று இன்று காண்போம்.

சாத்ரியாவின் முன்சக்கரத்தை மேலே ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் தாங்குகின்றன. கீழே ஓர் இரும்புக் கை பிடித்திருக்கிறது. காரைத் தாழ்த்தினால் அந்தக் கையின் சக்கரப் பக்க முனை மேலேறும். உட்பக்க முனையைவிட அது உயர்ந்துவிட்டால் தொல்லை தொடங்கும்.

ஏன்? காரின் பாரம் குவியும் புள்ளி ஒன்று உண்டு. வளைவில் கார் சாய்வதற்கு மையமாகும் புள்ளி வேறொன்று. காரைத் தாழ்த்தும்போது முதல் புள்ளி சிறிது இறங்கும். இரண்டாவது வெகுவாக இறங்கிவிடும். இடைவெளி நீளும். கடப்பாரை நீளமானால் கல் எளிதாகப் புரள்வதுபோல, கார் முன்னிலும் எளிதாகச் சாயும். தாழ்ந்த கார் சாயாது என்று நம்பி வளைவில் வேகமாக நுழைபவர் ஏமாறுவது இங்கேதான்.

ஸ்பிரிங்கை வெட்டுவதும், நெருப்பில் காட்டி அமுக்குவதும் கூடவே கூடாது. சூடுபட்ட எஃகு தன் வலுவை இழக்கும். வெட்டிய ஸ்பிரிங், சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது இருக்கையைவிட்டு நழுவலாம்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? அந்தக் காருக்கென்றே செய்த, குட்டையான, சற்றே கடினமான ஸ்பிரிங்கைப் போடுங்கள். அதற்கு ஈடான ஷாக் அப்சார்பரும் வேண்டும். பொதுவாக 25 முதல் 30 மில்லிமீட்டரோடு நிறுத்துவது நல்லது. கீழ்க்கை ஏறக்குறைய மட்டமாக நிற்கட்டும். அதற்கும் கீழே இறக்குவோர், கையின் முனையிலுள்ள பந்து மூட்டை நீளமானதாக மாற்ற வேண்டும்; ஸ்டியரிங் தண்டின் முனையையும் அதற்கேற்ப இறக்க வேண்டும். இல்லாவிட்டால் மேட்டில் ஏறும்போது சக்கரம் தானாகவே திரும்பும். பின்பக்கத்தையும் பொருத்தமாக இறக்குங்கள். முடிவில் சக்கரக் கோணங்களையும் முன்விளக்கின் நோக்கையும் சரிபாருங்கள். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி, டயர் எங்கும் உரசுகிறதா என்றும் பாருங்கள்.

1996-இல் புரோட்டோன், பிரிட்டனின் லோட்டஸ் நிறுவனத்தில் பெரும்பங்கை வாங்கியது. பிறகு வந்த சாத்ரியா ஜிடிஐ காரின் ஓட்டத்தைச் செம்மை செய்தவர்கள் லோட்டஸ் பொறியாளர்கள். அவர்கள் பார்த்துப் பார்த்து அமைத்த பொருத்தத்தை ஒரு மாலைப்பொழுதில் கலைப்பது எளிது, மீட்பது கடினம்.

மாற்றுமுன் சாலைப் போக்குவரத்து இலாகாவின் விதிகளைக் கேட்டறியுங்கள். மாற்றியபின் முதல் சில நாள் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கார் அழகாக இருக்கட்டும். அதில் போன பிள்ளை பத்திரமாக வீடு திரும்பட்டும்.