விழுந்த பல் எங்கே போகிறது?

ராசிபுரத்துக்குப் பக்கத்தில் உறவினர் வீடு ஒன்றில் போன மாதம் ஒரே அமர்க்களம். ஒன்றாம் வகுப்புப் படிக்கும் சிறுமிக்கு, முறுக்கைக் கடித்தபோது கீழ் வரிசைப் பல் ஒன்று கையோடு வந்துவிட்டது. அழுகை இல்லை. பல்லைத் தீப்பெட்டிக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு, கேள்விகளைத் தொடுக்க ஆரம்பித்துவிட்டாள்!

"சாணியிலே பொதிஞ்சு ஓட்டு மேலே எறி, கண்ணு. எலி எடுத்துக்கிட்டுப் புதுப் பல் கொடுக்கும்" என்றாள் அம்மாயி.

"நம்ம வீடு மெத்தை வீடாச்சுங்களே அம்மாயி! ஓடு ஏதுங்க?"

அம்மாயி யோசிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்தது. "பள்ளிக்கூடத்திலே ஒரு பொண்ணுக்குத் தலையணைக்கு அடியிலே பல் தேவதை பத்து ரூபாய் வெச்சுட்டுப் போச்சாமுங்க. நம்ம எலி மட்டும் ஏனுங்க காசு தர்றதில்லே?"

நியாயமான கேள்விதானே? இந்தத் தேவதை அப்படி ஒன்றும் பழையவள் அல்ல. 1908-ஆம் ஆண்டு அமெரிக்காவில் சிகாகோ நகரப் பத்திரிகை ஒன்றின் வீட்டுக் குறிப்புகள் பகுதியில் தலைகாட்டியவள். எலியாருக்கோ ராஜ சம்பந்தமே உண்டு! ஸ்பெயின் தேசத்தின் பாலக மன்னர் பதின்மூன்றாம் அல்போன்ஸோவுக்கு எட்டு வயதில் பல் விழுந்தது. அவரைத் தேற்ற, லூயிஸ் கொலோமா என்ற பாதிரியார் 1894-இல் பெரெஸ் என்னும் எலியின் கதையை எழுதினார். பிஸ்கோத்து டப்பாவில் குடியிருந்த அந்த எலிக்கு இன்று மாட்ரிட் நகரின் அரேனால் தெருவில் நினைவுப் பலகையே இருக்கிறது. பிரெஞ்சுக் குழந்தைகளுக்கும் எலிதான். ஜப்பானியர் கீழ்ப் பல்லைக் கூரை மேலும், மேல் பல்லை வீட்டின் அடித்தளத்திலும் போடுவார்கள். புதுப் பல் அந்தத் திசையை நோக்கி நேராக வளர வேண்டுமாம்.

ஏன் எங்கும் எலியே வருகிறது? எலியின் முன்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. கொறித்துக் கொறித்துத் தேய்க்காவிட்டால் அதற்கே ஆபத்து! பல் வரம் கேட்க அதைவிடப் பொருத்தமான ஆசாமி யார்?

அடுத்த கேள்விதான் எல்லோரையும் மௌனமாக்கியது. "அண்ணன் பல்லு மாதிரி எனக்கும் பழுப்பாத்தான் முளைக்குமுங்களா?"

அண்ணனின் பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கோடுகள். துலக்காத குறை அல்ல. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களில் பல இடங்களில் பாறைக்கு அடியிலிருந்து வரும் ஆழ்குழாய்க் கிணற்று நீரில் புளோரைடு மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பால் பல் விழுவதற்கு வெகு முன்பே, தாடைக்குள் நிலைப்பல் உருவாகிக்கொண்டிருக்கிறது. பிறந்தது முதல் சுமார் எட்டு வயது வரை குடிக்கும் தண்ணீர்தான் அதன் நிறத்தைத் தீர்மானிக்கிறது. காய்ச்சினால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. தண்ணீர் சுண்டுமே தவிரப் புளோரைடு போகாது, இன்னும் செறிவாகும்! தருமபுரி, கிருஷ்ணகிரி ஜனங்களுக்காக 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பட்டதற்கு இந்தத் தொல்லையே காரணம்.

ஆகவே முன்பல்லின் நிறத்தை எலியால் மாற்ற முடியாது. அது உள்ளே ஏற்கெனவே தயார். ஆனால் பின்னால் வரவேண்டிய கடைவாய்ப் பற்கள் சில இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும். இனிமேல் குடிக்கும் தண்ணீர் அவற்றுக்குக் கணக்கு. இதைத்தான் சிறுமியின் தாய் அவளுக்குப் புரியும் விதத்தில் மறைக்காமல் சொன்னாள். வீட்டுக்கு வரும் காவிரித் தண்ணீரையே பள்ளிக்கும் பாட்டிலில் கொடுத்தனுப்புவது என்று அன்றே முடிவாயிற்று.

இன்னொன்றையும் பெற்றோர் கவனிக்க வேண்டும். பால் பற்கள் 20; அவை விழுந்து முளைக்கும். ஆனால் ஆறு வயதில் எல்லாவற்றுக்கும் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். "அதுவும் விழப்போகிற பல்தானே" என்று சொத்தையாக விட்டுவிடுகிற வீடுகள் ஏராளம். அது நிலைப்பல். போனால் போனதுதான், எந்த எலியும் திருப்பித் தராது.

சாயங்காலம் மொட்டை மாடிக்கு ஊர்வலம் புறப்பட்டது. படிக்கட்டு அறையின் உச்சிதான் ஓட்டுக்குப் பதில் என்று அம்மாயி தீர்ப்பளித்தாள். சாணி உருண்டை மேலே போனது; சரிந்து, அண்ணனின் தலையிலேயே வந்து விழுந்தது.

"எலி வேண்டாங்குதுங்க!" என்றாள் சிறுமி.

"மறுபடி எறி, கண்ணு" என்றாள் அம்மாயி.