சக்கரப் பொருத்தம்

திருவனந்தபுரத்தில் குடியேறி வாழும் நம்மவர்களுள், பழைய கார் ஒன்றை வாங்கிப் பண்டிகைக்கும் கலியாணத்திற்கும் குடும்ப சகிதம் நாகர்கோவில், திருநெல்வேலி என்று ஊர் போய் வருவோர் பலர் இருக்கின்றனர். பஸ்ஸில் களியக்காவிளை வரை நின்றுகொண்டே போன நாட்களை நினைத்தால் இது மகிழத்தக்க விஷயமே. ஆனால் பழைய வண்டி வாங்குவோர் எஞ்சினைப் பற்றிக் கேட்கிறார்கள். பாட்டரியைப் பற்றிக் கேட்கிறார்கள். பெயின்ட்டைத் தடவிப் பார்க்கிறார்கள். டிக்கியைத் திறந்து, அங்கே படுத்திருக்கும் ஸ்டெப்னியை வெளியே எடுத்து, 'இஃது இந்த வண்டியின் சக்கரந்தானா?' என்று கேட்டவரை நாம் கண்டதில்லை. நாமும் கேட்கவில்லை. அதன் பலனைத் தீபாவளிக்கு முந்திய ஓர் இரவில், முப்பந்தலில் அனுபவித்தோம்.

நமது வண்டி ஹூண்டாய் ஐ10. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் உருவாகி, இரண்டு கை மாறி நம்மிடம் வந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டியதும் காற்றாலைகள் நிறைந்த அந்தப் பிரதேசத்தில் காற்று வண்டியையே அசைத்துப் பார்க்கும். இரவு ஒன்பது மணி அளவில் முன்சக்கரம் ஒரு கூரிய கல்லில் ஏறி, டயரின் பக்கச் சுவர் கிழிந்துபோயிற்று. மிதிபடும் பாகத்தில் ஆணி குத்தினால் அடைத்துவிடலாம். பக்கச் சுவர் கிழிந்தால் அடைத்துப் பயனில்லை. வண்டிக்குள் வயது முதிர்ந்த தாயார், இல்லாள், இரண்டு குழந்தைகள். ஸ்டெப்னி இருக்கிறதே என்ற தைரியத்துடன் ஜாக்கி வைத்து உயர்த்திச் சக்கரத்தைக் கழற்றினோம். ஸ்டெப்னியைத் தூக்கி வைத்தோம். ஹப்பில் நான்கு ஸ்டட்டுகள், சக்கரத்தில் நான்கு துளைகள். ஆயினும் ஒரு ஸ்டட்டு துளைக்குள் நுழைந்தால், எதிரில் உள்ளது இரும்பில் முட்டிற்று. திருப்பி வைத்தோம், சாய்த்து வைத்தோம், டார்ச் வெளிச்சத்தில் கண்தான் ஏமாற்றுகிறதென்று எண்ணினோம். லாரியை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி வந்த ஓட்டுநர் ஒருவர், ஒரேயொரு முறை வைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது வேற வண்டிச் சக்கரம்லா!" என்றார்.

"சக்கரத்துக்குமாடா பொருத்தம் பாக்கணும்?" என்று தாயார் உள்ளிருந்தபடியே கேட்டார்கள்.

காவல்கிணற்றிலிருந்து வந்த பஞ்சர் கடைக்காரர் ஒருவர் நமது டிஸ்க்கைப் பைக்கில் எடுத்துச் சென்று, பழைய டயர் ஒன்றைப் பூட்டிக் கொண்டுவந்து கொடுத்தபோது மணி ஒன்று. அந்த நான்கு மணி நேரமும் லாரிகள் உராய்வதுபோல் கடந்து சென்ற சாலையோரத்தில் குழந்தைகளைப் பிடித்துக்கொண்டு நின்றதை இல்லாள் இன்றும் மறக்கவில்லை.

ஸ்டெப்னி என்பது ஒரு தெருவின் பெயர் என்பது நேயர்களுள் சிலருக்குப் புதிய செய்தியாயிருக்கலாம். பிரிட்டனைச் சேர்ந்த வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்னும் ஊரில் ஸ்டெப்னி தெரு என்று ஒன்று உண்டு. அங்கே டேவிஸ் சகோதரர் இருவர் 1904-ஆம் ஆண்டில் மோட்டார் வண்டிக்கு ஓர் உபரிச் சக்கரத்தைச் செய்தனர். அதற்கு முன் கார்கள் உபரிச் சக்கரமின்றியே ஓடின. அவர்கள் செய்தது ஆரக்கால் இல்லாத வெறும் வளையம். அதன்மேல் காற்றடைத்த டயர். பழுதான சக்கரத்தைக் கழற்றாமலே அதன் விளிம்போடு இதைச் சேர்த்து இறுக்கிக்கொண்டு போய்விடலாம். ஆகவே துளைப் பொருத்தம் பார்க்கும் தொல்லை அந்தச் சக்கரத்திற்கு இருந்ததில்லை. முப்பந்தலில் நமக்கு அப்படி ஒன்று கிடைத்திருந்தால்!

இனி விஷயத்திற்கு வருவோம். சக்கரத்தின் நட்டுத் துளைகள் அனைத்தும், மையத்தைச் சுற்றி வரைந்ததாகப் பாவிக்கத்தக்க ஒரு வட்டத்தின் மேல் அமைந்திருக்கின்றன. அவ்வட்டம் ஒவ்வொரு துளையின் நடுப்புள்ளி வழியாகவும் செல்லும். அதன் விட்டத்தையே பிட்ச் சர்க்கிள் டயாமீட்டர் என்கிறார்கள், ஒர்க்ஷாப்புகளில் பி.ஸி.டி. என்றால் போதும். துளைகளின் எண்ணிக்கையையும் இந்த விட்டத்தையும் சேர்த்துச் சொல்வது வழக்கம். ஐ10, மாருதி ஸ்விஃப்ட், ஹோண்டா சிட்டி ஆகியவை 4 × 100. அதாவது நான்கு துளைகள், 100 மில்லிமீட்டர் வட்டம். டொயோட்டா இன்னோவா 5 × 114.3, ஃபோக்ஸ்வாகன் போலோ 5 × 100, மாருதி ஜிம்னி 5 × 139.7, ஃபார்ச்சூனர் 6 × 139.7. டாட்டா நானோவிற்கு மூன்றே நட்டுகள்.

114.3 என்ற எண் எங்கிருந்து வந்ததென்று தோன்றும். நாலரை அங்குலத்தை மில்லிமீட்டராக மாற்றிப் பாருங்கள். 139.7 என்பது ஐந்தரை அங்குலம். நம் நாட்டில் மெட்ரிக் அளவு 1956-இல் சட்டமாயிற்று. எனினும் சக்கரத்தின் மட்டில் அங்குலம் இன்னும் போகவில்லை. 155/80 ஆர் 13 என்ற டயரில் 155 என்பது மில்லிமீட்டர், 80 என்பது சதவீதம், 13 என்பது அங்குலம். ஒரே டயரில் மூன்று கணக்கு!

அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டியதில்லை. ஒரு அடி இரும்பு ஸ்கேல் போதும். வெர்னியர் காலிப்பர் இருந்தால் நன்று. நான்கு துளைச் சக்கரமாயின், எதிரெதிரான இரண்டு துளைகளை எடுத்துக்கொள்ள வேண்டும். துளையின் நடுப்புள்ளியைக் கண்ணால் நிதானிப்பது கடினம். ஆகையால் இடப்பக்கத் துளையின் இடது விளிம்பிலிருந்து, வலப்பக்கத் துளையின் இடது விளிம்பு வரை அளந்தால், அதுவே நடுவிலிருந்து நடு. சக்கரத்தை முகம் குப்புறக் கவிழ்த்துப் பின்புறத்தில் அளப்பது நல்லது. முன்புறத்தில் நட்டு உட்காரும் சாய்வுக் குழி விளிம்பை மறைத்துவிடும். ஹப்பில் உள்ள ஸ்டட்டுகளை அளக்கவேண்டின், எதிரெதிர் ஸ்டட்டுகளின் வெளி விளிம்புகளுக்கிடையே அளந்து, ஒரு ஸ்டட்டின் கனத்தைக் கழித்துவிட வேண்டும். நமது வண்டியில் 112 வந்தது, ஸ்டட்டின் கனம் 12, மீதி 100. சரிபார்க்க வேண்டின், பக்கத்துப் பக்கத்துத் துளைகளின் நடுத் தூரத்தை 1.414-ஆல் பெருக்கலாம். 100 வட்டத்தில் அத்தூரம் 70.7 வரும். நமது ஸ்டெப்னியை ஊர் சென்றபின் அளந்தபோது எதிரெதிர்த் துளைகளுக்கிடையே 114-ஐச் சற்றே தாண்டி நின்றது. அதுவும் நாலரை அங்குல வகையைச் சேர்ந்ததே. அது யார் வீட்டு வண்டியிலிருந்து வந்ததென்பதை வண்டியை விற்றவரும் அறியார்.

ஐந்து துளைச் சக்கரத்தில்தான் பலர் வழுக்கி விழுகின்றனர். அங்கே ஒரு துளைக்கு நேர் எதிரில் துளையே இராது. பக்கத்துப் பக்கத்துத் துளைகளின் நடுத் தூரத்தை அளந்து, 1.7013-ஆல் பெருக்க வேண்டும். 67.2 வந்தால் 114.3 வட்டம், 65.8 வந்தால் 112, 58.8 வந்தால் 100. 112-க்கும் 114.3-க்கும் உள்ள வேறுபாடு இங்கே ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவாகச் சுருங்கிவிடுவதைக் கவனியுங்கள். அளவில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் விட்டத்தில் 1.7 பிசகும். ஆதலால் ஐந்து இடைவெளிகளையும் தனித்தனியே அளந்து சராசரி எடுப்பதே உத்தமம். சிலர் எதிர்த் துளை இல்லையே என்று, ஒரு துளையை விட்டு அடுத்த துளைக்கு ஸ்கேலை நீட்டி, அதையே விட்டமென்று எழுதிவிடுகிறார்கள். இன்னோவாவின் சக்கரத்தை அவ்விதம் அளந்தால் 108.7 வரும். 5 × 108 என்று ஒரு வகையும் உலகில் இருப்பதால், அளந்தவருக்குச் சந்தேகமே தோன்றாது! ஆறு துளைக்கு இத்தொல்லை இல்லை. எதிர்த் துளை உண்டு.

முப்பந்தலில் நம்மைக் கைவிட்ட சக்கரத்தின்மேல் நமக்கு இப்போது கோபமில்லை. அது ஏறவே மறுத்தது. அவ்வளவில் அது யோக்கியமான சக்கரம். அதன்பின் திருவனந்தபுரத்தில் பழைய சாமான்கள் விற்கும் கடையொன்றில் வேறு ஸ்டெப்னி தேடிப் போனோம். கடைக்காரர் ஒரு சக்கரத்தைக் காட்டி, "கேறும், ஸாரே" என்றார். உண்மையில் ஏறிற்று. நான்கு ஸ்டட்டுகளும் நுழைந்தன, நட்டுகளும் இறுகின. பட்ட அனுபவத்தால் சட்டைப் பைக்குள் ஸ்கேல் இருந்தது. சக்கரத்தைக் கழற்றிப் பின்புறம் அளந்தோம்: 98. இரண்டாம் முறையும் 98.

ஃபியட் கார்களின் பாலியோ, புன்ட்டோ முதலியவற்றிற்கு 4 × 98. அவற்றின் நடுத்துவாரம் 58.1 மில்லிமீட்டர், ஐ10-இன் ஹப் 54.1. ஆகவே நடுவில் தடையில்லை. துளை ஸ்டட்டைவிடச் சற்றுப் பெரிதாகையால் அங்கும் முட்டாது. பின் என்ன கெடுதி என்று கேட்கலாம். சக்கரத்தைத் தாங்குவது ஸ்டட்டின் மேல் தொங்கும் பலமன்று. நட்டு இறுகும்போது சக்கரம் ஹப்போடு அழுத்தப்பட்டு, அந்தப் பிடிப்பே பாரத்தையும் பிரேக்கையும் தாங்குகிறது. நட்டின் அடி கூம்பாகவும், சக்கரத்தின் குழியும் அவ்விதமே சாய்வாகவும் இருப்பது, முழுச் சுற்றிலும் ஒன்றோடொன்று படிந்து உட்காருவதற்காக. 98-ஐ 100-இல் ஏற்றினால் ஒவ்வொரு துளையும் ஒரு மில்லிமீட்டர் உள்வாங்கி நிற்கும். முதல் நட்டு தன் குழியில் படிய, சக்கரம் அந்தப் பக்கமாக ஒரு மில்லிமீட்டர் நகரும். எதிர் நட்டு இரண்டு மில்லிமீட்டர் விலகி, குழியின் ஒரே ஓரத்தைக் கடித்துக்கொண்டு நிற்கும். ஸ்பானரைப் பிடித்த கைக்கு நன்றாக இறுகியதாகத் தோன்றும். இறுகியது ஓரம், பிடிப்பு ஏற்படவில்லை. வண்டி ஓட ஓட ஸ்டட்டு வளைந்து வளைந்து நிமிரும், நட்டு தளரும். சில நூறு கிலோமீட்டரில் நட்டு கழன்று விழலாம், அல்லது ஸ்டட்டு களைத்து முறியலாம். அப்போது வண்டி பாறசாலையிலோ மார்த்தாண்டத்திலோ எத்தனை வேகத்தில் போய்க்கொண்டிருக்கும், உள்ளே யார் யார் இருப்பார்கள் என்பதை நினைத்துப் பார்த்தோம். சக்கரத்தைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டோம். அவர் வேண்டுமென்றே ஏமாற்றியதாக நாம் கருதவில்லை. 'ஏறும்' என்பதற்கும் 'பொருந்தும்' என்பதற்கும் அவர் கடையில் ஒரே சொல்தான் இருந்தது.

ரயில்வேயில் சேவகம் செய்யும் நமக்கு இதில் ஒரு வேடிக்கை தோன்றிற்று. அகலப் பாதை 1676 மில்லிமீட்டர் என்று பெயர். கான்கிரீட் ஸ்லீப்பர் போட்ட பாதையில் அதை 1673 ஆகவே அமைக்கிறார்கள். அந்த மூன்று மில்லிமீட்டரை எக்ஸ்பிரஸ் வண்டியே பொறுத்துக்கொள்கிறது. நமது சின்னக் கார் இரண்டைப் பொறுக்காது.

வட்டம் ஒத்துவிட்டால் எல்லாம் ஒத்துவிட்டதென்றும் எண்ண வேண்டாம். ஹோண்டா சிட்டியின் சக்கரம் அதே 4 × 100 ஆயினும் நடுத்துவாரம் 56.1, ஐ10-இல் மாட்டினால் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி நிற்கும். அதற்கென விற்கும் மெல்லிய வளையத்தை இட்டு மாட்டலாம். இன்றேல் ஸ்டீயரிங் நடுங்கக்கூடும். ஐ10-இன் சக்கரமோ சிட்டியில் ஏறவே ஏறாது. நட்டிலும் பேதம் உண்டு. இரண்டும் 12 மில்லிமீட்டர் ஆயினும், ஐ10-இன் மரை 1.5 இடைவெளி, ஸ்விஃப்ட்டின் மரை 1.25. ஒன்றின் நட்டை மற்றொன்றில் பலவந்தமாகத் திருகினால் மரை வழித்துப்போம். கையால் சில சுற்றுத் தாராளமாகச் சுழலாத நட்டை ஸ்பானரால் தொடவே கூடாது.

இறுக்கும் விதமும் கவனிக்கத்தக்கது. நான்கு நட்டுகளையும் முதலில் கையால் ஓட்டி, பின் எதிரெதிராக மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்கி, ஜாக்கியை இறக்கியபின் முழுதும் இறுக்க வேண்டும். ஐ10-க்கு 900 முதல் 1,100 கிலோகிராம்-சென்டிமீட்டர் என்பது கைப்புத்தகக் கணக்கு. ஸ்பானரின் மேல் ஏறி நின்று குதிக்கும் பழக்கம் நம்மவரிடம் உண்டு. அதனால் ஸ்டட்டு நீண்டுபோகுமேயன்றி வேறு நன்மை கிடையாது. சக்கரம் மாற்றிய ஐம்பது, நூறு கிலோமீட்டருக்குள் ஒரு முறை மறுபடியும் சரிபார்ப்பது வழக்கம்.

இதைப் படிக்கும் அன்பர்கள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில், வீட்டு வாசலில், பகல் வெளிச்சத்தில், தங்கள் ஸ்டெப்னியை எடுத்து ஒருதரம் மாட்டிப் பார்ப்பார்களாக. அளந்து மாட்டிக் கழற்றி வைக்க அரை மணி நேரம் ஆகும். நமக்குப் பின்னர் அளவு ஒத்த சக்கரம் ஒன்று கிடைத்தது. டிக்கி மூடியின் உட்புறத்தில் 4 × 100, 54.1, 12 × 1.5 என்று பெயின்ட்டால் எழுதி வைத்திருக்கிறோம். முப்பந்தலில் முட்டிக்கொண்ட பழைய ஸ்டெப்னி நமது குவார்ட்டர்ஸின் பின்புறத்தில் கிடக்கிறது. இதுவரை இருவர் வந்து அதை விலைக்குக் கேட்டனர். இருவருக்கும் முதலில் ஸ்கேலை எடுத்துக் கொடுத்தோம்.