எண்ணும் எழுத்தும் அளக்கும் கோல்

தேர்வு என்னும் சொல்லைக் கேட்டு நடுங்காத மாணவர் அரியர். ஆயினும் தேர்வு தன்னளவில் தீயதன்று. தம்மிடம் பயிலும் சிறுவன் வாசிக்க வல்லனா, கணக்கிட வல்லனா என்பதை அறியாத ஆசிரியர், நோயை அறியாது மருந்தளிக்கும் மருத்துவரை ஒப்பர். ஆதலின் அளவுகோல் வேண்டுவதே. அஃது எப்பொழுது பயன் தரும், எப்பொழுது பழுதுபடும் என்பதையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

சனிக்கிழமைதோறும் யாம் சிலர் அருகிலுள்ள சிற்றூருக்குச் சென்று சிறுவர்க்கு எழுத்தறிவிப்பது வழக்கம். அங்கே சிறுமி ஒருத்தி பாடப் புத்தகத்தின் பக்கமொன்றைத் தடையின்றி வாசித்தாள். யாமும் மகிழ்ந்தோம். பின்னர், அப்பக்கத்தின் நடுவிலிருந்த 'கிணறு' என்னும் சொல்லை விரலாற் சுட்டி, 'இஃது என்ன சொல், அம்மா?' என்று வினவினோம். அவள் முதல் வரியிலிருந்து மெல்ல முணுமுணுத்து வந்து, அச்சொல்லை அடைந்த பின்னரே விடை கூறினாள். அவள் வாசிக்கவில்லை, செவியாற் கேட்டதை வாயாற் சொன்னாள். தேர்வில் அவள் தவறாது தேறியிருப்பாள் அன்றோ?

இந்நிலை புதியதன்று. ஆங்கில நாட்டின் ஆரம்பப் பாடசாலைகளை ஆராய்ந்த நியூகாசில் கோமகனின் குழு, சிறுவர் பலர் வாசிப்பையும் கணக்கையும் செவ்வனே கல்லாமலே பள்ளியை விட்டு நீங்குகின்றனர் என்று 1861-ஆம் ஆண்டில் அறிவித்தது. இக்குறையை நீக்கவும், பொருளை வீணாக்காதிருக்கவும் கருதி, கல்விப் பொறுப்பேற்றிருந்த இராபர்ட் லோ என்பார் 1862-ஆம் ஆண்டில் புதிய விதிகளைக் கொணர்ந்தார். அவற்றின்படி, அரசாங்க இன்ஸ்பெக்டர் ஆறு வயதுக்கு மேற்பட்ட சிறுவர் ஒவ்வொருவரையும் வாசிப்பு, எழுத்து, கணக்கு என்னும் மூன்றிலும் சோதிப்பார். போதிய நாள் வருகை தந்த சிறுவர் மூன்றிலும் தேறின், அவர் பொருட்டுப் பள்ளிக்கு 8 ஷில்லிங் கிடைக்கும். தவறிய பாடம் ஒவ்வொன்றிற்கும் 2 ஷில்லிங் 8 பென்ஸ் குறையும். அஃதாவது, குழந்தையின் நாவில் ஆசிரியரின் உணவு தொங்கிற்று.

விளைந்தது யாது? 1861-இல் 8,13,000 பவுனுக்கு மேலிருந்த அரசாங்க மானியம் 1865-இல் ஏறத்தாழ 6,37,000 பவுனாகச் சுருங்கிற்று. செலவு குறைந்தது, கல்வி வளர்ந்ததோ எனின், அன்று. கவிஞரும் பள்ளி இன்ஸ்பெக்டருமாகிய மாத்தியூ ஆர்னால்டு, உண்மையில் வாசிக்கவும் கணக்கிடவும் அறியாத சிறுவரையும் தக்க பயிற்சியால் தேர்வில் தேற்றிவிடலாம் என்பதைத் தம் அறிக்கைகளில் எடுத்துக் காட்டினார். ஒரே வாசகப் புத்தகத்தை ஆண்டு முழுதும் ஓதினால் அது மனத்திற் படிவது இயல்பே. நம் சென்னை மாகாணத்திலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மிஷன் பள்ளிகள் உட்பட உதவி பெறும் ஆரம்பப் பள்ளிகளிடையே தேர்ச்சியை ஒட்டி மானியம் அளிக்கும் முறை வழங்கிற்று. ஆங்கில நாட்டில் அம்முறை அந்நூற்றாண்டின் இறுதிக்குள் கைவிடப்பட்டது.

கைவிடப்பட்ட அக்கருத்து வேறொரு நாட்டில் வேறுருக் கொண்டு எழுந்தது. அமெரிக்க நாட்டில் 2002-ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம், மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணக்கிலும் பொதுத்தேர்வு நடத்தவும், 2014-ஆம் ஆண்டிற்குள் மாணவர் அனைவரும் தேர்ச்சி பெறவும் வேண்டுமென விதித்தது. பின்தங்கிய ஏழைச் சிறுவரை எவரும் மறைத்தலாகாது என்னும் அதன் நோக்கம் போற்றத்தக்கதே. ஆயினும் தொடர்ந்து தவறிய பள்ளிகள் தண்டனைக்குள்ளாயின. அட்லாண்டா நகரில் 2009-ஆம் ஆண்டுத் தேர்வை ஆராய்ந்தோர், 44 பள்ளிகளில் விடைத்தாள்கள் திருத்தப்பட்டமை முதலிய முறைகேடுகளைக் கண்டு, ஆசிரியரும் தலைமையாசிரியருமாக 178 பேரைத் தம் 2011-ஆம் ஆண்டு அறிக்கையிற் குறித்தனர். அங்கே இழப்புற்றோர் சிறுவரே. தேறியதாகக் குறிக்கப்பட்ட சிறுவனுக்குத் தனியே உதவி செய்ய எவர் முன்வருவர்? பொய்யான மதிப்பெண் அவன் குறையை மூடிற்று. அச்சட்டம் 2015-ஆம் ஆண்டில் வேறொரு சட்டத்திற்கு இடமளித்தது.

இனி, மற்றொரு வகைத் தேர்வையும் நோக்குவோம். நம் நாட்டில் 'பிரதம்' என்னும் அமைப்பினர் 2005-ஆம் ஆண்டு முதல் 'அசர்' என்னும் ஆய்வை நடத்தி வருகின்றனர். தொண்டர்கள் கிராமங்களில் வீடுவீடாகச் சென்று, சிறுவர் ஒவ்வொருவரையும் தனித்தனியே எழுத்து, சொல், சிறு பத்தி, சிறுகதை என்னும் படிகளில் வாசிக்கச் செய்வர். கழித்தல், வகுத்தல் கணக்குகளும் கொடுப்பர். ஐந்தாம் வகுப்புச் சிறுவருள் ஏறத்தாழப் பாதிப் பேரே இரண்டாம் வகுப்புக் கதையை வாசிக்க வல்லார் என்று 2018-ஆம் ஆண்டு ஆய்வு காட்டிற்று. இதனால் எப்பள்ளிக்கும் மானியம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. ஆதலின் ஒளிக்க வேண்டுவதுமில்லை. இத்தகைய எளிய சோதனையைக் கொண்டே, சிறுவரை வகுப்பால் அன்றி வாசிக்கும் நிலையால் பகுத்துக் கற்பிக்கும் முறையையும் அவ்வமைப்பினர் வகுத்தனர்.

ஆதலின், தேர்வின் முடிவு குழந்தையை நோக்கித் திரும்பின் அது விளக்காகும். பணப்பையை நோக்கித் திரும்பின் திரையாகும். கோல் ஒன்றே; அதனை ஏந்தும் கையின் அச்சமே வேறுபாடு.

அடுத்த சனிக்கிழமை அச்சிறுமியிடம் புத்தகத்தை யாம் கொடுக்கவில்லை. 'கிணறு', 'கிளி', 'கிழவி' என்னும் சொற்களைத் தனித்தனித் தாளில் எழுதி முன்வைத்தோம். மூன்றனுள் ஒன்றையே அறிந்தாள். அவள் தேர்ச்சி தாழ்ந்ததாகத் தோன்றலாம். ஆனால் அவளுக்குக் கற்பிக்க வேண்டுவது யாது என்பதை அன்றுதான் யாம் கற்றோம்.