பருவ வயதில் மாறும் மச்சம்: எரிக்கும் முன் அறிய வேண்டியவை

பூப்பெய்தும் வயதை ஒட்டிக் குழந்தையின் உடலிலுள்ள மச்சம் பெரிதாகவோ கறுக்கவோ தொடங்கும்போது, பெற்றோரில் ஒரு சாரார் 'வயசுக்கு வர்ற நேரம், எல்லாம் ஹார்மோன்தான்' என்று எவரிடமும் காட்டாமல் விட்டுவிடுகின்றனர். மற்றொரு சாரார், முகத்தழகு கெடுகிறதென்று அருகிலுள்ள அழகு நிலையத்துக்கு அழைத்துச் சென்று எரிக்கச் செய்கின்றனர், அல்லது சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் குழைத்து வீட்டிலேயே வைத்துவிடுகின்றனர். இரண்டுமே தவறு என்றாலும் பின்னது மிகக் கொடிது. எரிந்துபோன மச்சம் தீங்கற்றதா, புற்றுநோயின் தொடக்கமா என்பதை அதன் பின்னர் எந்த மருத்துவராலும் சொல்ல இயலாது.

மெலனின் என்னும் நிறமியை உண்டாக்கும் செல்கள் தோலில் ஓரிடத்தில் திரண்டு நிற்பதே மச்சம். பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ 100-இல் ஒன்றுக்கே பிறவி மச்சம் காணப்படுகிறது. ஏனையவை குழந்தைப் பருவத்தில் தோன்றத் தொடங்கி, இளமைக்காலம் வரை எண்ணிக்கையில் கூடி, முதுமையில் மங்குகின்றன. பெண் குழந்தைகளுக்கு 8 முதல் 13 வயதுக்குள்ளும் ஆண் குழந்தைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் பருவமாற்றம் தொடங்குகையில், ஈஸ்ட்ரோஜன், ஆண்ட்ரோஜன் முதலிய பாலின ஹார்மோன்கள் உயர்வதோடு உடலும் விரைந்து வளர்வதால், பழைய மச்சங்கள் சற்றே விரிந்து கறுப்பதும் புதியவை தோன்றுவதும் பெரும்பாலும் இயல்பே. ஆயினும் ஒரு மச்சத்தின் மாற்றத்தில் ஹார்மோனின் பங்கு எவ்வளவு, உடல் வளர்ச்சியின் பங்கு எவ்வளவு, வெயிலின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காண்பது எளிதன்று. ஆகவே 'ஹார்மோன்' என்பது மச்சத்தைப் பரிசோதித்த பின்னர் மருத்துவர் கூற வேண்டிய காரணமே அன்றி, பரிசோதனையைத் தவிர்ப்பதற்குக் கூறும் காரணம் அன்று.

ஹார்மோனின் ஆட்சி ஐயமின்றித் தெரியும் தோல் அடையாளங்கள் சில உண்டு. ஆண்பிள்ளைகளின் தோளிலோ மார்பிலோ பருவ வயதில் பழுப்பாகப் படர்ந்து, பின்னர் முடியடர்ந்து காணும் பெக்கர் மச்சம் அவற்றுள் ஒன்று. பிறவியிலேயே தலையில் முடியற்ற மஞ்சள் நிறத் திட்டாக இருக்கும் எண்ணெய்ச் சுரப்பி மச்சம், பருவ வயதில் தடித்து மருப்போல் சொரசொரப்பாகிறது. இவை பெரும்பாலும் தீங்கற்றவையே. எனினும் இரண்டாவது வகையைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். இதற்கு நேர்மாறாக, தோலே ஹார்மோன் நோயை முன்கூட்டி அறிவிப்பதும் உண்டு. அட்ரினல் சுரப்பி போதிய கார்ட்டிசோலைச் சுரக்காதபோது, அதை ஈடுகட்டப் பிட்யூட்டரி சுரப்பி மிகுதியாகச் சுரக்கும் ஹார்மோன் நிறமிச் செல்களையும் தூண்டிவிடுவதால், மச்சங்களும் உள்ளங்கை ரேகைகளும் ஈறுகளும் ஒருசேரக் கறுக்கின்றன. அத்துடன் சோர்வு, எடைக் குறைவு, வாந்தி, உப்பின் மீது தீராத நாட்டம் ஆகியவையும் சேர்ந்தால், குழந்தைக்கு வேண்டியது முகப்பூச்சு அன்று, உடனடி இரத்தப் பரிசோதனை. ஓரம் ஒழுங்கற்ற பெரிய பழுப்புத் திட்டுகளுடன் ஒரு சிறுமி 8 வயதுக்கு முன்பே பருவமடைந்தால், மெக்கூன்-ஆல்பிரைட் என்னும் பிறவிக் கோளாறா என்று ஹார்மோன் மருத்துவர் ஆராய வேண்டும்.

குழந்தைகளுக்கு மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் வருவது மிக அரிது. அரிது என்பதாலேயே அது பிந்திக் கண்டறியப்படுகிறது. ஏனைய மச்சங்களினின்றும் வேறுபட்டு ஒன்று மட்டும் சில வாரங்களில் விரைந்து வளர்தல், இரத்தம் கசிதல், ஆறாத புண்ணாதல், ஓரம் சிதைந்து பல நிறம் கொள்ளுதல் ஆகியவை எச்சரிக்கைக் குறிகள். சிறுவர்களுக்கு அது கறுப்பாகவே இருக்க வேண்டுமென்பதில்லை. இளஞ்சிவப்பு நிறக் கொப்புளம் போன்றும் தோன்றலாம். கருந்தோல் உடையவர்களுக்கு உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தடி ஆகியவையே இந்நோய் பெரும்பாலும் ஒளிந்திருக்கும் இடங்கள் என்பதைத் தமிழ்க் குடும்பங்கள் நினைவிற்கொள்ள வேண்டும். குழந்தை வளர்ந்து பெரியவரான பின் பிறவி மச்சம் 20 சென்டிமீட்டருக்கு மேல் பரவக்கூடியதாயின், பருவ வயது வரை காத்திராமல் கைக்குழந்தையாக இருக்கும்போதே காட்ட வேண்டும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் புறநோயாளிப் பிரிவு உண்டு. செல்லும் முன் மச்சத்தருகே ஓர் அளவுகோலை வைத்து, ஒரே வெளிச்சத்தில், தேதியுடன் ஒளிப்படம் எடுத்துச் செல்வது நன்று. மூன்று மாதத்துக்கொருமுறை எடுத்த படங்கள் இருப்பின், மாற்றம் வாய்ச்சொல்லாக அல்லாமல் சான்றாகவே மருத்துவர் முன் நிற்கும். நெரிசலைக் காரணம் காட்டித் தொலைவிலிருந்தே 'ஒன்றுமில்லை' என்று அனுப்பிவிடும் போக்கு சில இடங்களில் உண்டு. டெர்மோஸ்கோப் என்னும் தோல் உருப்பெருக்கிக் கருவியால் பார்க்குமாறு கேட்பதும், கண்டதைச் சீட்டில் எழுதித் தருமாறு கேட்பதும் பெற்றோரின் உரிமை. மச்சத்தை அகற்ற வேண்டுமென்று முடிவானால், அகற்றிய சதை முழுவதும் ஃபார்மலினில் இடப்பட்டு நோய்க்குறியியல் துறைக்குச் செல்கிறதா என்று கேட்டு உறுதிசெய்து, திசுப் பரிசோதனை அறிக்கையைக் கையில் வாங்கிய பின்னரே சிகிச்சை முடிந்ததாகக் கொள்ள வேண்டும். லேசரும் அமிலமும் திசுவையே அழித்துவிடுவன. ஐயத்துக்குரிய மச்சத்தின் மீது அவற்றைப் பயன்படுத்த விடக் கூடாது. பள்ளி மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளமாகப் பதிவான மச்சமாயின், அகற்றியதைக் குறிப்பிடும் மருத்துவக் குறிப்பையும் பத்திரப்படுத்த வேண்டும்.

மருத்துவத் தகுதியற்றவர் மச்சத்தை எரித்துக் குழந்தைக்குத் தழும்போ புண்ணோ ஏற்பட்டால், பலரும் விதியென்று விட்டுவிடுகின்றனர். பதிவுபெறாமல் மருத்துவம் செய்வோருக்குத் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 2019-இன் 34-ஆம் பிரிவு ஓராண்டு வரை சிறையோ 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. புகாரை மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து, ஒப்புகை பெற வேண்டும். வாய்ப்புகாருக்கு இங்கு ஆயுள் இல்லை. கட்டணம் பெற்ற நிலையத்தின் மீது இழப்பீடு கோர, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, குழந்தையின் பெற்றோர் தாம் வாழும் மாவட்டத்திலுள்ள குறைதீர் ஆணையத்திலேயே 2 ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருப்பின் மனுக் கட்டணமும் இல்லை. ரசீது, விளம்பரத்தின் நகல், முன்னும் பின்னும் எடுத்த படங்கள், பின்னர் பார்த்த மருத்துவரின் அறிக்கை ஆகியவையே வழக்கின் உயிர். ரசீது தராத இடத்தில் குழந்தையின் உடலை ஒப்படைப்பது அறியாமை. மருத்துவக் குறிப்புகளைக் கேட்டால், 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, மருத்துவர் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். எல்லா நோயாளிகளுக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் அரசு மருத்துவமனையின் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்பதால், அங்கு நேரும் குறையை மருத்துவக் கல்லூரி முதல்வரிடமோ மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடமோ எழுத்தில் முறையிட வேண்டும்.

மச்ச பலன் பார்த்து ஒன்றை வைத்துக்கொள்வதும் மற்றொன்றை எரிப்பதும் இன்றும் நடக்கின்றன. எந்த நம்பிக்கை இருப்பினும், தோல் மருத்துவர் பார்க்காத மச்சத்தின் மேல் சுண்ணாம்பு, அமிலம், மின்சூடு, லேசர் எதையும் வைக்க வேண்டாம் என்பதே பெற்றோர் அனைவருக்கும் விடுக்கும் வேண்டுகோள்.