காகித ஆலைக் கழிவுநீரின் உயிரியற் சுத்திகரிப்பு: இயல்பும் எல்லையும்

மரத்தையோ வைக்கோலையோ கூழாக்கும்போது செலுலோசு நார்கள் பிரித்தெடுக்கப்படுகின்றன. அவற்றைப் பிணைத்திருந்த இலிக்னினும் வெல்லங்களும் சேதன அமிலங்களும் பிசின்களும் நீரோடு வெளியேறுகின்றன. இந்நீர் ஆற்றிற் கலப்பின், நுண்ணங்கிகள் அவற்றை உண்ணும் பொருட்டு நீரிற் கரைந்துள்ள ஒட்சிசனைச் செலவிடும். மீனினம் மூச்சின்றி மடியும். ஆற்றில் நிகழக்கூடிய இச்செயலை ஆலை எல்லைக்குள்ளேயே நிகழ்த்தி முடிப்பதே உயிரியற் சுத்திகரிப்பாகும்.

இதில் முதன்மையானது, 1914இல் மான்செஸ்டரில் ஆர்டன், லொக்கெற் ஆகிய இருவர் அறிமுகப்படுத்திய செயலூக்கிய கசடு முறை. தொட்டியிற் காற்றூட்டப்படும் கழிவுநீரில் நுண்ணங்கிகள் பெருகித் திரள்களாகின்றன. அடுத்த தொட்டியில் அவை கசடாகப் படிகின்றன. கசட்டின் பெரும்பகுதி மீண்டும் முதற்றொட்டிக்கே அனுப்பப்படுகிறது. காகித ஆலைக் கழிவுநீரிற் கரிமம் மிகுதி. நைதரசனும் பொசுபரசும் அரிது. ஆதலால் இவற்றை ஏறத்தாழ 100:5:1 என்ற விகிதத்தில் (உயிர்வேதியியல் ஒட்சிசன் தேவை : நைதரசன் : பொசுபரசு) அமையுமாறு சேர்க்க வேண்டும். தவறின் இழையுருப் பற்றீரியாக்கள் ஓங்கிக் கசடு படியாது மிதக்கும்.

1970களில் நெதர்லாந்தின் வாகனிங்கனில் லெற்றிங்கா குழுவினர் உருவாக்கிய மேனோக்குக் கசட்டுப்படுகை முறை காற்றின்றி இயங்குவது. நீக்கப்படும் ஒவ்வொரு கிலோகிராம் வேதியியல் ஒட்சிசன் தேவைக்கும் கோட்பாட்டளவில் 0.35 கனமீற்றர் மெதேன் கிடைக்கும். கசடும் மிகக் குறைவு. ஆயின், சல்பேற்று மிகுந்த நீரில் ஐதரசன் சல்பைட்டு உருவாகி மெதேன் ஆக்கும் நுண்ணங்கிகளை நலிவிக்கும்.

கனடாவின் 1992ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் உயிர்வேதியியல் ஒட்சிசன் தேவைக்கும் மிதக்கும் திண்மங்களுக்கும் வரம்பு விதித்தன. அத்துடன், நீர் கலவாத கழிவுநீரில் 96 மணிநேரம் விடப்படும் வானவில் ட்ரவுட் மீன்களுட் பாதிக்கு மேல் இறத்தல் கூடாது எனவும் விதித்தன. இதனால் அந்நாட்டு ஆலைகளில் உயிரியற் சுத்திகரிப்புப் பரவலாயிற்று.

எனினும் ஓர் எல்லையை மறத்தல் ஆகாது. உயிர்வேதியியல் ஒட்சிசன் தேவை என்பது 20 பாகை செல்சியசில், ஐந்து நாளில் நுண்ணங்கிகள் செலவிடும் ஒட்சிசனின் அளவு. அவை உண்ணாத இலிக்னின் அந்த அளவீட்டிலும் தோன்றாது. சுத்திகரிப்பிலும் பெரிதும் நீங்காது. ஆகவே அளவீடு தாழ்ந்த பின்னரும் நீர் கபில நிறமாகவே செல்லக் காண்கிறோம். வெண்ணழுகற் பூஞ்சையின் இலிக்னின் சிதைக்கும் நொதியம் 1983இல் கண்டறியப்பட்டது. ஆயினும் அப்பூஞ்சைக்கு வேறு வெல்ல உணவும் ஊட்ட வேண்டியிருப்பதால் ஆலை அளவில் அதன் பயன்பாடு கடினமாகவே உள்ளது.

இவ்வெல்லை வைக்கோல் ஆலைகளுக்கு மிக முக்கியமானது. வைக்கோலை மூலப்பொருளாகக் கொண்ட ஈழத்து வாழைச்சேனை ஆலை நம்மவர் நன்கறிந்தது. வைக்கோலிலுள்ள சிலிக்கா, கூழ்சமைத்த கருந்திரவத்தை ஆவியாக்கி எரித்து வேதிப்பொருள்களை மீட்பதற்கு இடையூறாகிறது. அவ்விடர் கருதி மீட்பைக் கைவிட்டு, கருந்திரவம் முழுவதையும் நுண்ணங்கிகளிடம் ஒப்படைத்தல் தீர்வன்று. மீட்பு முதலில், உயிரியற் சுத்திகரிப்பு அதன் பின்னர் என்பதே முறையான வரிசை.