வீல் அலைன்மென்ட்டை வீட்டிலேயே பார்க்கலாமா?

நேரான சாலையிலும் கார் ஒரு பக்கமாக இழுக்கிறதா? உடனே ஸ்பானரைத் தேடாதீர்கள். ஒரு முன் டயரில் காற்று குறைந்தாலே கார் அந்தப் பக்கம் இழுக்கும். அது பெட்ரோல் பங்க்கிலேயே முடிகிற விஷயம்.

காற்று சரியாக இருந்தும் ஸ்டீயரிங் கோணலாக நிற்கிறது, டயரின் ஒரு ஓரம் மட்டும் தேய்கிறது என்றால் 'டோ'வை அளந்து பாருங்கள். முன்சக்கரங்கள் உள்பக்கம் திரும்பியிருக்கின்றனவா, வெளிப்பக்கமா என்ற கணக்குதான் இது.

ஸ்டீயரிங்கை நேராக வைத்து, காரைச் சமதளத்தில் நிறுத்துங்கள். இரண்டு முன் டயர்களின் பின்பக்கத்திலும் ஒரே உயரத்தில், நடுவில் சாக்பீஸ் கோடு போட்டு, இடைவெளியை டேப்பால் அளங்கள். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். ஓரிரு மில்லிமீட்டர்கூட இங்கே பெரிய வித்தியாசம்! அந்தக் கோடுகள் முன்பக்கம் அதே உயரத்துக்கு வரும்வரை காரை முன்னே தள்ளி, மறுபடி அளங்கள். முன்னால் குறைந்தால் 'டோ-இன்', கூடினால் 'டோ-அவுட்'. எவ்வளவு இருக்கலாம் என்பது காருக்குக் கார் மாறும். சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள்.

சரிசெய்ய, டை ராடின் லாக் நட்டைத் தளர்த்தி இரு பக்கமும் சம அளவு திருப்ப வேண்டும். நட்டைத் திரும்ப இறுக்க மறந்தால், ஓட ஓட ஸ்டீயரிங்கே ஆபத்தாகிவிடும். வெறும் ஜாக்கியை நம்பி காருக்கு அடியில் போகவே கூடாது. டை ராடு முனையில் ஆட்டம் இருந்தாலோ, கேம்பர், காஸ்டர் பார்க்க வேண்டும் என்றாலோ மெக்கானிக்கிடம்தான் போகவேண்டும்.