பல்லைப் பிடுங்கும் முன்

காட்டுப்பள்ளியில் பல்வலிக்கு முதல் வைத்தியம் கிராம்புதான். அதற்கும் அடங்காவிட்டால் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை. இரவு ஷிஃப்ட்டில் நிற்பவர்களில் சிலர் சொத்தைப் பல்லின் பக்கத்தில் கொஞ்சம் புகையிலையை அடக்கிக்கொள்வதும் உண்டு.

கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்துக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் இந்த மணல்திட்டில் மீனவர் குப்பங்கள், கன்டெய்னர் துறைமுகம், கப்பல் கட்டும் தளம், 2010இல் திறக்கப்பட்ட கடல்நீர்க் குடிநீர் ஆலை எல்லாம் இருக்கின்றன. பல்லைக் காட்ட மட்டும் மீஞ்சூர், எண்ணூர், திருவொற்றியூர் என்று கிளம்ப வேண்டியிருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஒரு நாள் லீவு என்றால் அன்றைய கூலி இல்லை. கடலுக்குப் போகிறவருக்கும் அதே கணக்குதான். ஆகவே தாங்கும்வரை தாங்கிவிட்டு, கன்னம் வீங்கிய பிறகு நாற்காலியில் போய் உட்காருகிறார்கள். அப்போது வாயிலிருந்து வருவது பெரும்பாலும் ஒரே வாக்கியம்: “பிடுங்கிடுங்க டாக்டர்.”

ஒரே தடவையில் வேலை முடியும், செலவும் குறைவு, வலியும் போய்விடும் என்பதால் அப்படிக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. வேர்வரை உடைந்துபோன பல்லுக்கும், எலும்புப் பிடிப்பே இல்லாமல் ஆடும் பல்லுக்கும் பிடுங்குவதுதான் சரியான சிகிச்சை. கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழ் நாக்குக்கு அடியிலும் தாடைக்கு அடியிலும் பரவினால் மூச்சுக்குழாயே நெருக்கப்படலாம். வாயைத் திறக்க முடியவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை, கழுத்து கெட்டியாக வீங்குகிறது என்றால் பல் கிளினிக்கைத் தேடிக்கொண்டிருக்காமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

பிடுங்குவதிலும் ஆபத்துகள் உண்டு. பிடுங்கிய குழியில் உறையும் ரத்தக்கட்டிதான் புண்ணுக்கு மூடி. அது கரைந்தோ கழன்றோ போனால் எலும்பு வெளியே தெரிந்து, இரண்டாம் மூன்றாம் நாளில் காதுவரை தெறிக்கும் வலி வரும். சாதாரணப் பற்களில் நூற்றுக்கு இரண்டிலிருந்து ஐந்து பேருக்கு இது வரலாம். கீழ் ஞானப் பல்லில் இன்னும் அதிகம். புகைபிடிப்பவர்களுக்கு வாய்ப்பு கூடுகிறது. அதனால்தான் பிடுங்கிய அன்று வாயைக் கொப்பளிக்காதே, துப்பாதே, பீடி தொடாதே என்கிறார்கள். கீழ் ஞானப் பல்லின் வேருக்கு அருகில் ஒரு நரம்பு ஓடுகிறது. அது அடிபட்டால் கீழ் உதடு மரத்துப்போகும். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். நிரந்தரமாகத் தங்கிவிடுவது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. முன்கூட்டியே எக்ஸ்-ரே எடுப்பது இந்த நரம்பின் பாதையைப் பார்க்கத்தான். கதிர்வீச்சுக்குப் பயந்து அதைத் தவிர்க்கத் தேவையில்லை. ஒரு சிறிய பல் எக்ஸ்-ரேயில் உடலில் படுவது, இயற்கையாகவே ஒரு நாளில் நம்மீது விழும் அளவுதான்.

பிடுங்கியவர் யோசிக்காத செலவு பிறகு வருகிறது. இடைவெளியை நோக்கிப் பக்கத்துப் பல் சாய்கிறது, எதிர்ப் பல் இறங்குகிறது, மென்று தின்ன ஒரு பக்கம்தான் மிஞ்சுகிறது. அந்த இடத்தில் இம்பிளாண்ட் வைக்கலாம் என்றால் அன்று மிச்சம் பிடித்ததைப் போலப் பல மடங்கு கேட்கும்.

மாற்று வழி வேர் சிகிச்சை, எல்லோரும் சொல்லும் ரூட் கேனல். பெயரைக் கேட்டாலே நடுங்குபவர்கள் இருக்கிறார்கள். உண்மையில் மரத்துப்போகும் ஊசி நன்றாகப் பிடித்துவிட்டால் வலி அதிகம் தெரியாது. அவர்களைப் படுத்துவது அதற்கு முந்தைய வாரத்து வலிதான். பல்லின் மேல் சிறு துளை போட்டு, கெட்டுப்போன நரம்பை எடுத்து, வேர்க் குழாய்களை நுண்ணிய அரங்களால் சுத்தம் செய்கிறார்கள். முதலில் உள்ளே போகும் அரத்தின் நுனி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அவ்வளவு மெல்லிய உலோகம் வளைந்த வேருக்குள் அபூர்வமாக உடைந்துபோவதும் உண்டு. உள்ளே கழுவ ஊற்றும் மருந்து பிளீச்சிங் திரவத்தின் வகை. அது வேர் நுனியைத் தாண்டி வெளியேறினால் கடும் வலியும் வீக்கமும் வரும். பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு மாட்டி வேலை செய்தால் எச்சில் உள்ளே போகாது, மருந்தும் தொண்டைக்குள் இறங்காது. மெனக்கெட்டு அதை மாட்டும் மருத்துவரை நம்பலாம்.

ஒழுங்காகச் செய்த வேர் சிகிச்சைக்குப் பிறகு, பத்துப் பற்களில் எட்டு அல்லது ஒன்பது பல வருடங்கள் வாயில் நிற்கின்றன. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கடைவாய்ப் பல் என்றால் மேலே கேப் போட்டாக வேண்டும். வலி நின்றதும் கேப்புக்குப் பணம் சேரட்டும் என்று தள்ளிப்போட்டு, ஒரு நாள் முறுக்கு கடிக்கையில் பல் நெட்டாகப் பிளந்து, கடைசியில் பிடுங்கக் கொடுப்பவர்கள் ஏராளம். சிகிச்சை தொடங்கும் முன்பே கேப்பையும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று கேட்டுவிட வேண்டும்.

பல் கிளீனிங் பற்றிய வதந்தி இன்னும் சாகவில்லை. பல்லில் படிந்திருக்கும் காரையை எடுத்தால் பல் ஆடும் என்கிறார்கள். பல் ஆடுவது காரையாலும் ஈறு நோயாலும்தான். எலும்பு கரைந்துவிட்ட பல்லைக் காரையே பிடித்து வைத்திருக்கும். அதை எடுத்ததும் ஆட்டம் வெளியே தெரிகிறது. சில நாள் கூச்சம் இருக்கும், பற்களுக்கு நடுவே இடைவெளி தெரியும். கிடைக்கும் பலன் அதைவிடப் பெரிது. சர்க்கரை நோயாளிகளுக்கு ஈறு நோயைச் சரி செய்தால் ரத்தச் சர்க்கரையின் மூன்று மாத அளவு சற்றே இறங்குவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. செயற்கை இதய வால்வு உள்ளவர்கள் முதலிலேயே சொல்லி, முன்கூட்டி ஆன்டிபயாடிக் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதுவரை சொன்னவை சிகிச்சையோடு கூடவே வரும் ஆபத்துகள். அலட்சியத்தால் வரும் ஆபத்து வேறு. அதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு கொடிய உதாரணம் இருக்கிறது.

2023இல் திருப்பத்தூர் மாவட்டத்திலும் சுற்றுப்புறங்களிலும் காய்ச்சல், தலைவலி, பார்வை மங்கல், பேச்சுக் குழறல் என்று வந்த நோயாளிகளின் மூளையை ஒரு பாக்டீரியா தாக்கியிருந்தது. மெலியாய்டோசிஸ் என்ற அந்த நோயின் கிருமி ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. விசாரணையில், அவர்களில் பத்துப் பேர் வாணியம்பாடியில் ஒரே பல் கிளினிக்குக்குப் போய் வந்தவர்கள் என்று தெரிந்தது. எட்டுப் பேர் இறந்தார்கள். வேலூர் சி.எம்.சி., ஐ.சி.எம்.ஆர். நிறுவனத்தார் உள்ளிட்ட ஆய்வாளர்களின் அறிக்கை 2025இல் லான்செட் குழும இதழில் வெளிவந்தது. குற்றவாளியாக அதில் நின்றது ஒரு சலைன் பாட்டில். ஈறைப் பல்லிலிருந்து விலக்கும் அறுவைக் கருவியாலேயே அதைத் திறந்து, அரைகுறையாக மூடி வைத்து, அடுத்தடுத்த நோயாளிகளுக்கும் அதிலிருந்தே எடுத்திருக்கிறார்கள். பயன்பாட்டில் இருந்த அந்தச் சலைனில் கிருமி கிடைத்தது.

சலைனில் கிருமியைத் தடுக்கும் மருந்து எதுவும் கலந்திருக்காது. திறந்த கணத்திலிருந்து அது வெறும் உப்புத் தண்ணீர்தான். பணக்கார நாடுகளிலும் தண்ணீர் பழிவாங்கியிருக்கிறது: 2016இல் அமெரிக்காவின் அனஹைம் நகரில், ஒரு கிளினிக்கின் குழாய்நீரில் வளர்ந்த கிருமியால், பால்பல் நரம்புக்குச் சிகிச்சை பெற்ற 70க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தாடை பாதிக்கப்பட்டது.

இதைப் படித்துவிட்டுப் பல் மருத்துவரிடமே போகாமல் இருந்தால் ஆபத்து கூடத்தான் செய்யும். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு போனால் போதும். கருவிகளை ஒட்டிய பையிலிருந்து நம் முன்னால் பிரிக்கிறார்களா? அந்தப் பையில் ஒரு சிறு பட்டை இருக்கும். கிருமி நீக்கும் ஆட்டோகிளேவின் சூட்டில் அதன் நிறம் மாறியிருக்க வேண்டும். கையுறை புதிதா? ஊசி புதிதா? அறுவை சிகிச்சைக்குச் சலைன் புதிதாகத் திறக்கப்படுகிறதா? இதைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. “டாக்டர், புது பாட்டில் தானே?” என்ற கேள்விக்கு நல்ல மருத்துவர் முகம் சுளிக்க மாட்டார். பல் மருத்துவர்கள் தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தவர்களாக இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்கலாம். நடைபாதையில் உட்கார்ந்து பசை போட்டுப் பல் ஒட்டுபவரிடமும், ஆசிட் தடவிப் பல்லை வெள்ளையாக்குபவரிடமும் எந்தக் காரணத்துக்காகவும் வாயைத் திறக்கக் கூடாது.

நோயாளி தன் பக்கம் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, எலும்பு பலவீனத்துக்கோ புற்றுநோய்க்கோ போட்ட ஊசி, சர்க்கரை, கர்ப்பம், மருந்து ஒவ்வாமை என எதையும் மறைக்கக் கூடாது. எலும்புக்குப் போடும் சில ஊசிகளுக்குப் பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் அழுகக்கூடும். ரத்தம் நிற்காதோ என்று பயந்து ஆஸ்பிரினைத் தானாக நிறுத்திவிட்டுப் போவதும் தவறு; ஈறில் கசியும் ரத்தத்தைப் பஞ்சு வைத்து நிறுத்திவிடலாம், இதய ரத்தக்குழாய் அடைத்தால் அது உயிரோடு விளையாட்டு.

ஹான்ஸ், மாவா போன்ற புகையிலை போடுபவர்கள் பல்லுக்காகப் போகும்போதே கன்னத்தின் உட்பக்கத்தையும் நாக்கின் ஓரத்தையும் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். இரண்டு வாரத்தில் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, வாய் முன்போலத் திறக்காமை இவற்றை ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் உயிர் தப்பும்.

காசு இல்லை என்பவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடிக்கப்படும் தொழிலாளர்கள் அதன் மருத்துவமனையில் பல் பிரிவைக் கேட்கலாம். பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. 1953இல் தொடங்கிய தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி, சென்னைக் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரில். அத்திப்பட்டில் மின்சார ரயில் ஏறிக் கடற்கரை நிலையம் வந்து, ஒரு ஸ்டேஷன் தாண்டினால் கோட்டை. அங்கே பயிற்சி மாணவர்கள் பேராசிரியர்களின் கண்காணிப்பில் வேலை செய்வதால் நேரம் பிடிக்கும், இரண்டு மூன்று நடை நடக்க வேண்டும். ஒரு நாள் கூலியை யோசிப்பவருக்கு அது சின்ன விஷயம் இல்லைதான். ஆனால் காலையிலேயே ஓ.பி. சீட்டுப் போட்டுவிட்டால் அன்றைக்கே எக்ஸ்-ரே பார்த்து, பல் காப்பாற்றக்கூடியதா என்றாவது தெரிந்துகொள்ளலாம். வேறு கிளினிக்கில் எடுத்த பழைய படம் இருந்தால் அதையும் கையில் எடுத்துப் போக வேண்டும். இடையில் என்ன மாறியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.